ரோடு கழுவிய வியாழக்கிழமை

நேற்று காலை திருவாரூர் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு சின்ன லாரி மின்கம்பத்தில் மோதி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. டீசல் டேங்க் மட்டும் பிளந்து, ரோட்டில் ஒரு பாய் விரித்த அளவுக்கு ஊற்றியிருந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் கால் நிற்கத்தான் செய்கிறது. சற்று நேரத்தில் எங்கள் நிலையத்து வண்டி வந்தது. இறங்கியவர்களில் ஒருவரும் தண்ணீர்க் குழாயைத் தொடவில்லை. சாக்கிலிருந்து மணலை அள்ளி, ஊற்றிய இடத்தைச் சுற்றி முதலில் ஒரு வரப்பு போட்டார்கள். பிறகுதான் நடுவில் கொட்டினார்கள். டீக்கடைக்காரர், "தண்ணி அடிச்சு விட வேண்டியதுதானேப்பா, சாக்கடைல போயிடும்" என்றார். "அடிக்கக் கூடாதுங்க" என்றார் அவர்களில் ஒருவர். ஏன் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு மடல் எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்படி அழைத்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் என்னைக் கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டீர்கள். நான் உங்களை 'இந்தாங்க', 'பாருங்க', 'கேளுங்க' என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். அக்கா என்று கூப்பிட வயது இடம் கொடுக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர் நீங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மரியாதை இடம் கொடுக்கவில்லை. மனதில் திருட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலுக்குப் போகிறவனுக்கு இப்படித்தான் எதுவும் இடம் கொடுக்காது.

அன்றைக்கு வியாழக்கிழமை. கிழமை நினைவிருப்பதற்குக் காரணம், வியாழன்தோறும் நாகூர் தர்காவுக்குப் போகிற பேருந்துகள் ஒன்பது, ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உங்கள் ஊர்ப் பாலம் தாண்டியதும் வருகிற வளைவில் டீசல் டேங்கர் ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க் முளைத்துக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பணத்தில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தது. அதற்கெல்லாம் குடிக்கக் கொடுக்க இந்த டேங்கர்கள் அந்த ஒற்றை ரோட்டில் இரவு பகலாக ஓடின. எங்கள் நிலைய அலுவலர் விடுப்பில் இருந்தார். நான் அப்போது முன்னணித் தீயணைப்போர், அதாவது அவர் இல்லாத நாளில் பொறுப்பெல்லாம் என் தலையில்.

போய்ப் பார்த்தபோது டீசல் எங்கே இருந்தது என்பதை இப்போது ஒழுங்காக எழுதிவிடுகிறேன். டேங்கரின் மேல்மூடி வழியாகக் கசிந்து, ரோட்டில்தான் தேங்கியிருந்தது. அந்த இடத்தில் ரோடு தட்டு மாதிரி குழிந்திருக்கும். ஓரத்தில் பொதுப்பணிக்காரர்கள் ஏற்றிவிட்ட மண் கரை. அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால். மண் கரையைத் தாண்டி ஒரு சொட்டு போயிருக்கவில்லை. சம்பா நடவு முடிந்து இருபது நாள் இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநருக்குக் கை ஒடிந்திருந்தது, அவரை அனுப்பிவைத்தோம். மூடியை இறுக்கிக் கசிவை நிறுத்தினோம். அதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்குள் இரண்டு சைக்கிள்காரர்கள் டீசலில் வழுக்கி விழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, "எவ்வளவு நேரம்யா? ரோட்டக் க்ளியர் பண்ணிக் குடுங்க" என்று சத்தம் போட்டார். விபத்து நடந்த இடத்தைக் கழுவிவிட்டுத் திரும்புவது அன்றைக்கு எங்களுக்குப் பழக்கம். ரத்தமோ கண்ணாடித் தூளோ எண்ணெயோ, எதுவானாலும் இரண்டு குழாயை நீட்டி அடித்து, ரோட்டைப் பளபளவென்று ஒப்படைத்துவிட்டு வண்டி ஏறுவோம். அதில் ஒரு பெருமைகூட உண்டு. "அடிச்சு விடுங்கப்பா" என்றேன். பத்து நிமிடம். மண் கரை கரைந்து, அவ்வளவும் வாய்க்காலில் இறங்கியது. பேருந்தில் இருந்த சிலர் கைதட்டினார்கள்.

எனக்கு ஊர் திருப்பனந்தாள் பக்கம். பிறந்ததும் வளர்ந்ததும் நெல் வயலில்தான். வாய்க்கால் தண்ணீர் அடுத்தது எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டின் மேல் நின்றபோது ரோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்களை முதன்முதலில் அப்போதுதான் பார்த்தேன். வாய்க்கால் கரையோடு, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு ஓடிவந்தீர்கள். உங்கள் வயல் மடையைச் சேற்றை வைத்து அடைத்துவிட்டு வந்திருந்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: "யாரு சார் உங்களுக்கு வேலை குடுத்தது?"

பிறகு அந்தக் கரையில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் டேங்க் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். அதில் அவர் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதை வைத்து நீங்கள் எங்களுக்கு உத்தரவு போட்டீர்கள். "எண்ணெய் மேலதான் சார் மெதக்கும். அதக் கலக்காம ஒரு எடத்துல நிறுத்தணும். அங்க ரப்பர் கயிறு மாரி ஒண்ணு போடுவாங்களாம்." ரப்பர் கயிற்றுக்கு நான் எங்கே போவது? உங்கள் கொல்லையில் வாழை நின்றது. வைக்கோல்போர் இருந்தது. வாழையை வெட்டி வாய்க்காலின் குறுக்கே மிதக்கவிட்டு, வைக்கோல் பிரி திரித்துக் கட்டினோம். பக்கத்து வயல்காரர் ராமையன் குலை தள்ளிய மரத்தில் அரிவாளை வைத்தபோது, "அண்ணே, தார் வெச்சத விட்டுட்டு வெட்டுங்க, கண்ணு தெரியலியா?" என்று நீங்கள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது.

தண்ணீர் அடியில் போக, டீசல் வாழைத்தண்டில் தட்டி மேலேயே நின்றது. வைக்கோலைத் தூவினால் உறிஞ்சிக்கொண்டது. கவைக்கம்பால் அள்ளி அள்ளிக் கரையில் போட்டோம். என் ஆட்கள், ராமையன், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கீழே இருந்த வயல்கள் அநேகமாகத் தப்பின. முழுதாகப் போனது ஒன்றுதான். அணையைப் போட்டது உங்கள் வயலுக்கு நேராக. வாழையும் வைக்கோலும் அங்கேதான் இருந்தன என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. வைக்கோல் அடைத்துத் தேங்கிய தண்ணீர் ஏற ஏற, அந்த இடத்துக் கரை இளகி உடைந்தது. கறுப்பும் வானவில்லுமாக ஒரு ஏக்கர் வருகிற உங்கள் மூன்று மா வயலுக்குள் பாய்ந்தது. நீங்கள் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தீர்கள். "ஊருக்கெல்லாம் பாத்து என் தலையில கட்டிட்டீங்கல்ல, நல்லா இருங்க!" என்றீர்கள். தியாகம் செய்கிற முகம் இல்லை அது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, கையில் கிடைத்தவனை அடிக்கலாமா என்று பார்க்கிற முகம்.

பயிர் மூன்றாம் நாள் மஞ்சளாகப் பழுத்தது. எட்டாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

அன்று மாலையே நிலையத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். 'வாகனம் கவிழ்ந்ததில் டீசல் அருகிலுள்ள வாய்க்காலில் கலந்தது.' ஒரே வரி. இரண்டு பெண் குழந்தைகள், அடுத்த வருடம் பதவி உயர்வு, இதெல்லாம்தான் அந்த வரியை எழுதியது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எழுதியது நான்தான்.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணைக்கு வந்தார். ஊர் முழுக்க ஒரே வாக்குமூலம்: லாரி கவிழ்ந்தது, டீசல் நேராக வாய்க்காலில் ஊற்றியது. ஓரம் கருகிய மற்ற வயல்களுக்கும் லாரிக்காரர் பக்கத்திலிருந்து ஏதாவது நஷ்டஈடு கிடைக்க வேண்டுமானால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உங்கள் முறை வந்தது. எழுந்து, கையை நீட்டி என்னைக் காட்டினீர்கள். "லாரி ரோட்டுலதாங்க ஊத்துச்சு. வாய்க்கால்ல ஊத்துனது இந்த சார். குழா வெச்சு அடிச்சு விட்டாரு. நான் கரையில நின்னு பாத்தேன்."

பள்ளிக்கூடத்தில் ஒரு சலசலப்பு. தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று சொன்னேன்: "நாங்க வந்தப்பவே வாய்க்கால்ல கலந்திடுச்சுங்க. ரோட்டுல தண்ணி அடிச்சது அதுக்கப்புறம். இந்த அம்மா தூரத்துல இருந்து பாத்திருப்பாங்க."

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்படியா சார்? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். தாசில்தார் என் பேச்சை எழுதிக்கொண்டார். காக்கி சொன்னதற்கும் சேலை சொன்னதற்கும் நடுவில் அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு லாரிக்காரரின் வக்கீல் இழுத்தடித்தார். ஊருக்குக் கோபம் உங்கள் மேல் திரும்பியது. உங்கள் மற்ற வயலின் அடுத்த நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை. ராமையன் வரப்பில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாலு மாதம் கழித்து, காலையில் பத்து மணி இருக்கும், நிலையத்து வாசலில் வந்து நின்றீர்கள். ஆட்கள் எதிரே ஏதாவது கேட்டுவிடுவீர்களோ என்று அவசரமாக வெளியே வந்தேன். "சார், அந்த மூணு மா அப்படியே கெடக்கு. வெத போட்டா மொளைக்க மாட்டேங்குது. ஊத்தத் தெரிஞ்சவங்களுக்கு அள்ளவும் தெரியணும்ல. வந்து பாருங்க" என்றீர்கள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டீர்கள்.

அடுத்த விடுமுறை நாளில் வந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. நீங்கள் கடைத்தெருவுக்குப் போய் ஐ.எஸ்.டி. பூத்தில் வீட்டுக்காரரோடு பேசி, அவர் அங்கே எண்ணெய் ஊறிய மணலை என்ன செய்கிறார்கள் என்று சொன்னதைக் கேட்டு வந்து எனக்குச் சொல்வீர்கள். மீட்டர் ஓடுகிற அவசரத்தில் அவர் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழும். மீதியை நாம் இருவரும் வயலில் நின்று யோசிப்போம். மேல்மண்ணைச் சுரண்டி வரப்போரம் பரப்பினோம். வாரம் ஒரு தடவை கிளறிக் காற்றாடவிட்டோம். சாணி எருவும் கொஞ்சம் யூரியாவும் கலந்தோம். டீசல் குடித்த வைக்கோலைக் களத்தில் குவித்துக் கொளுத்தியபோது, தீயணைப்புக்காரன் கையில் தீப்பெட்டியைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பில் வரப்பில் மேய்ந்த கொக்கு பறந்துபோனது. அடுத்த கோடையில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். முதல் வருடம் அது சொட்டை சொட்டையாக வந்தது. இரண்டாம் வருடம் இடுப்பளவு வந்தது. மூன்றாம் வருடம் பொன்மணி நெல் நட்டீர்கள். நடவுக்கு அப்போதும் உள்ளூர் ஆள் வரவில்லை. வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தீர்கள்.

அந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் பள்ளிக்கூடத்துப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. டீ கேட்டால் மட்டும் அரை டம்ளர்தான் கொடுப்பீர்கள். "அரைதானா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "மண்ணு முழுசாகட்டும் சார், டம்ளரும் முழுசாகும்" என்றீர்கள்.

ஒரு தடவை நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். விபத்தன்று உங்கள் வீடு கட்டுகிற வேலைக்காக இறக்கிய ஒரு வண்டி மணல் ரோட்டோரத்திலேயே குவிந்து கிடந்ததை நினைவுபடுத்தி, "அன்னைக்கு அந்த மணல அள்ளிப் போட்டிருந்தாலே போதும்" என்றேன். நீங்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றீர்கள். "கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குன மணலு அது. ஆனா நீங்க கேட்டிருக்கணும்" என்றீர்கள். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தீர்கள்.

அடுத்த சில வருடத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது, ஊர் ஊராக மாற்றலும் வந்தது. ஒருநாள் செய்தித்தாளில் மூலையில் ஒரு துண்டுச் செய்தி. எங்கேயோ வேறு மாவட்டத்தில் உலை எண்ணெய் லாரி கவிழ்ந்து, எங்கள் துறையினர் ரோட்டைக் கழுவிவிட, அது ஊர்க் குளத்தில் இறங்கி மீன் எல்லாம் செத்து மிதந்ததாம். அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது. படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். "இதுக்குத்தான் சார் அன்னிக்குச் சொன்னேன். உங்களப் புடிச்சுக் குடுக்கணும்னா சொன்னேன்? எழுதி வெச்சாத்தான அடுத்தாப்ல வர்றவங்க செய்யாம இருப்பாங்க" என்றீர்கள். பிறகு, "நீங்க ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டீர்கள்.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்றேன். "நான் சொன்னது பொய்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். கோபமே இல்லை. அப்புறம்தான் ஒரு கேசட்டைப் பற்றிச் சொன்னீர்கள். நடந்ததையெல்லாம் நீங்கள் பேசி அனுப்பியிருந்தீர்களாம். ராமையனும் தன் பங்குக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாராம், உன் சம்சாரம் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று. வீட்டுக்காரரின் பதில் கேசட் வந்தது. "கவர்மென்ட் ஆளு, அத்தன பேர் எதுர்ல பொய் சொல்லுவாரா? நீ சரியாப் பாக்காமப் பேசியிருப்ப." அதன் பிறகு நில விவகாரத்தை எல்லாம் அவர் தன் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டார். நீங்கள் எதைச் சொன்னாலும், மாடு சினை பிடித்தது என்று சொன்னால்கூட, "நீ பாத்தியா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்கிறார் என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"ஊரு கெடக்கட்டும் சார். தாசில்தார்கிட்டல்லாம் நீங்க போக வேணாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு தரம் சொல்லிடுங்க. அவ பாத்தது நெசந்தான்னு. அது போதும் எனக்கு."

முகவரியை உங்கள் மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அப்போது அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அன்றே எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். தபாலில் போடவில்லை. எழுத்தில் இருப்பது யார் கைக்குப் போகும், எங்கே சுற்றி எங்கே வரும் என்று ஒரு பயம். இன்னொரு பதவி உயர்வு ஆகட்டும் என்றிருந்தேன். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பட்டும், நேரில் சொல்வதுதான் மரியாதை என்றிருந்தேன். அவர் திரும்பிய பிறகு, நான் ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்றிருந்தேன். ஓய்வு பெற்றதும், ஓய்வூதியம் ஒழுங்காக வரட்டும் என்றிருந்தேன். இந்த லட்சணத்தில், வேலை பார்த்த நிலையத்தில் எல்லாம், "மணல் முதல்ல, தண்ணி கடைசில" என்று ஆட்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே கத்துக்கிட்டீங்க என்று யாராவது கேட்டால், பயிற்சியில் என்பேன்.

அவர் திரும்பி வந்த பிறகு உங்கள் வீட்டில் எத்தனை தடவை டீ குடித்திருப்பேன். அப்போதெல்லாம் முழு டம்ளர். ஒவ்வொரு தடவையும் அவர் வந்தவர்களிடம் என்னை அறிமுகம் செய்துவைப்பார்: "சார் இல்லன்னா அந்த மூணு மா இன்னிக்கு இல்லீங்க. இவ ஏதோ அவர்மேல பழி போட்டா, அதக்கூட மனசுல வெச்சுக்காம வந்து மண்ணச் சரி பண்ணிக் குடுத்தாரு." நீங்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். என்னைப் பார்ப்பீர்கள். நான் டம்ளருக்குள் பார்ப்பேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள். மறுபடி ஒருதரம்கூட நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

உங்கள் அடக்கத்துக்கு என்னால் வரமுடியவில்லை; சேதி தெரிந்ததே மறுநாள்தான். முப்பதாம் நாளுக்கு வந்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. பங்குச் சாமியார் செபம் முடித்துப் புறப்பட்டார். மஸ்கட்டிலிருந்து வந்த உங்கள் மகள் பிள்ளைகளோடு ஒரு பக்கம் நின்றாள். இலை போட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். அத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு, வாயில் வந்தபோது நாலே வரிதான் இருந்தது.

"அன்னைக்கு டேங்கர் கவுந்தப்ப டீசல் ரோட்டுலதாங்க இருந்துச்சு. தண்ணி அடிச்சு வாய்க்கால்ல விட்டது நான்தான். விசாரணைல நான் சொன்னது பொய். அவங்க சொன்னதுதான் உண்மை."

சாம்பார் வாளியோடு ஒருவர் அப்படியே நின்றார். ராமையன்தான் முதலில் பேசினார். அவருக்கும் வயதாகிவிட்டது, கோலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அது தெரிஞ்சதுதான சார். நீங்க குழா புடிக்கிறப்ப நாங்க எல்லாரும் கரையிலதான நின்னோம். இப்ப எதுக்கு அது, எலை போட்டாச்சு, உக்காருங்க."

இத்தனை வருடமும் உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் ஒருவர்கூட உங்களைப் பொய்க்காரி என்று நினைத்திருக்கவில்லை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் உங்கள் நடவுக்கு வராமல் இருந்திருக்கிறார்கள்.

"எல்லாருக்குமா தெரியும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பந்தலைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீங்க அவகிட்ட இத ஒத்துக்கிட்டீங்களா சார்?"

"ஒத்துக்கிட்டேங்க."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"எப்ப?"

உங்கள் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க பொண்ணு படிச்சுக்கிட்டு இருந்தப்ப" என்றேன். அவர் தன் பேரப்பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பெரியவனுக்கு மீசை அரும்பியிருந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பந்தி நடந்தது. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் அதுவும் ஒரு வேஷமாகப் போய்விடும் என்று தோன்றியது.

இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்றுதான் வந்தேன். நாலாம் நாள் அவரே போன் செய்தார். "வர முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். போனேன். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார். இப்போது வாரம் ஒருமுறை போகிறேன். டேங்கர் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, டீசல் எதுவரை தேங்கியிருந்தது, நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று விடாமல் கேட்கிறார். ரோட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்கிறார். ரோடு இப்போது அகலமாகிவிட்டது; நான் காலால் கோடு போட்டுக் காட்டுகிறேன். நீங்கள் கரையோடு ஓடிவருகிற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்துகிறார். "என்ன சொன்னா?" என்கிறார். நீங்கள் சொன்னதைச் சொல்கிறேன். வாழை வெட்டும்போது கத்தியதை, மண்வெட்டியை எறிந்ததை, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கையை நீட்டியதை, எல்லாவற்றையும் சொல்கிறேன். எதையும் விடுவதில்லை, என் பங்கையும்தான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பிறகு, "பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கா" என்கிறார். அதை அவர் என்னிடம் சொல்வதில்லை.